சின்னம்மா தின்ற யப்பான் மீன்

யப்பான் மீன் தின்றால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் வற்றிப்போகும் என்று எங்கள் வீட்டில் அனைவரும் நம்பினார்கள். யாரோ குளங்களில் விட்ட மீன் அது. மாரியில் உன்னிச்சைக் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோது எங்கள் ஊர் வாவிக்குள் இறங்கி, நாட்டு மீன்களின் முட்டைகளைத் தின்று பெருகியது. தூண்டிலில் அகப்பட்டால் எவரும் அதைத் தண்ணீரில் திருப்பி விடுவதில்லை. சபித்தபடி தாழம்பற்றைக்குள் வீசிவிடுவார்கள், இல்லாவிட்டால் தென்னைக்கு உரமாகப் புதைப்பார்கள்.

சின்னம்மாவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாளாகியிருந்தது. கல்குடாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த சித்தப்பா கடலில் தொழில் செய்தவர். போர் கடலை மூடிவிட, வாவிக்கரையில் தூண்டிலோடு குந்தியிருந்தார். அவருக்கு அகப்பட்டதெல்லாம் யப்பான் மீன்தான்.

“சுறா புடிச்ச மாப்பிள்ள இப்ப தென்னைக்குப் பசளை புடிக்கிறார்!” என்று பக்கத்துத் தூண்டில்காரர் சிரித்தார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. “நாளைக்கு விடிய அக்கரைக் கண்ணாப்பத்தைக்குப் போறன். அங்க கொடுவா கிடக்கு.”

அக்கரையில், தண்ணீருக்குள் வேரூன்றி நின்ற அந்தக் கண்ணா மரங்களுக்குப் பின்னால், இராணுவ முகாம் இருந்தது. அந்தப் பக்கம் போகும் தோணிகளை நோக்கிச் சுட்டார்கள்; முந்தின கிழமை போனவர் திரும்பவில்லை. அம்மா மன்றாடினாள்.

“பச்ச உடம்புக்காரி வெறுஞ்சோறு தின்னுறதோ?” என்று கேட்டுவிட்டு, அவர் தோணியில் தேங்கிய தண்ணீரை இறைக்கப் போனார்.

சின்னம்மா என்னை அறைக்குள் அழைத்தாள். “புள்ள, பத்தைக்குள்ள எறிஞ்ச மீனப் பொறுக்கிக்கொண்டு வா. ஒருத்தருக்கும் சொல்லாத.”

நாய்கள் வருமுன் மூன்று மீன்களைப் பொறுக்கினேன். கையெல்லாம் தாழைமுள் கீறியது. அவள் அவற்றைக் குசினியில் சுட்டு, நின்றபடியே தின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்களை மூடிக்கொண்டாள். மீனுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. பால் வற்றினால் நானும் குற்றவாளி என்ற பயத்தில், குழந்தை சிணுங்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டேன்.

விடிந்ததும் சித்தப்பா துடுப்பை எடுத்தார். சின்னம்மா குழந்தையுடன் வாசலை மறித்து நின்றாள்.

“நேத்து நான் யப்பான் மீன் திண்டனான். பாருங்க, புள்ள குடிக்குது. இனி என்னத்துக்கு அக்கரை?”

அவர் ஏச வாயெடுத்தார். குழந்தையின் கடைவாயில் பால் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் துடுப்பைச் சுவரில் சாத்தினார்.

எங்களைப் போலவே அவளும், பால் வற்றிவிடும் என்று நம்பிக்கொண்டேதான் அந்த மீனைத் தின்றாள் என்பதை நானும் ஒரு பிள்ளைக்குத் தாயான பின்பே உணர்ந்தேன்.

எங்கள் ஒழுங்கை வீடுகளில் சித்தப்பாவின் வயதொத்த ஆண்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவரே.