சடங்கு வீட்டில் எங்கள் பேண்ட்

எங்கள் பேண்டுக்கு ஒரு பெயர் உண்டு. மூன்று பேர் ஒரு மாதம் சண்டை போட்டு வைத்த பெயர். நான்கு வருடத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. போன இடத்திலெல்லாம் ஃபிளெக்ஸில் 'லேடீஸ் பேண்ட்' என்றுதான் போட்டார்கள். ஓர் இடத்தில் அதற்குக் கீழேயே அம்புக்குறி போட்டு 'சாப்பாடு மாடியில்' என்று எழுதியிருந்தது.

நாங்கள் வாசித்தது பாப் பங்க். கோபமான வரிகள், தலைதெறிக்கும் வேகம், ஆனால் ஒரு தடவை கேட்டாலே முணுமுணுக்க முடிகிற மெட்டு. எல்லாப் பாட்டுக்கும் கிட்டாரில் பிடிப்பது அதே நாலு கோர்டுதான். நான் கிட்டார் வாசித்துக்கொண்டு பாடுவேன். பகலில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலை. டிரம்ஸ்காரி சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். பேஸ் கிட்டார்காரி ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவள். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்துக்கு, மெடல்களைக் குத்திக்கொண்டு கிளம்புவார். மகள் செல்லோ என்கிற பெரிய வயலினைக் கற்றுக்கொள்வதாகத் தெருவில் சொல்லி வைத்திருந்தார்.

தட்டாஞ்சாவடியில் டிரம்ஸ்காரியின் மாமா வைத்திருந்த லேத் பட்டறையின் பின்கட்டில்தான் பிராக்டிஸ். மெஷின் ஓடும்போது மட்டும்தான் வாசிக்கலாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. மெஷின் நின்றிருக்கும் நாளில் வாசித்தால் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்வார்கள். இரும்பை அறுக்கிற சத்தத்தில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

முதலில் நாங்கள் போய் நின்றது கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுத் தெருக்களில் இருக்கும் ஒரு காபிக் கடையில். பங்க் கேட்க ஆள் இருந்தால் அங்கேதான் இருப்பார்கள் என்று நம்பினோம். இரண்டாவது பாட்டில் முதலாளி வந்து, டிரம்ஸை மட்டும் எடுத்துவிட்டு வாசிக்க முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். மூன்றாவது பாட்டில் கிட்டாரையும் கேட்டார். அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, அவ்வளவு நல்ல மனிதர்.

எங்களுக்கு விடிவுகாலம் மைக்செட்காரர் மூலமாக வந்தது. ஆம்ப்ளிஃபயரை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் தானாகவே எங்களுக்கு மேனேஜர் ஆகிவிட்டார்.

"பாப்பா, மஞ்சள் நீராட்டு ஒண்ணு வந்திருக்கு. எல்லா ஃபங்ஷன்லயும் ஆம்பளைங்க ஆர்கெஸ்ட்ராதான். பொண்ணு ஃபங்ஷனுக்குப் பொண்ணுங்களே வாசிச்சா பாந்தமா இருக்கும்னு கேக்குறாங்க. என்ன சொல்றீங்க?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் நான் எழுதிய முதல் பாட்டே மஞ்சள் நீராட்டைத் திட்டித்தான். எனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்த சடங்கு அது. ஒன்பது நாள் மூலையில் உட்கார்த்தி வைத்தார்கள். பிறகு தெருமுனையில் என் படத்தைப் பெரிதாக வைத்து, பஸ் கண்டக்டர் வரைக்கும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியப்படுத்தினார்கள். அந்த வெட்கம் ஆறவே இல்லை. பத்து வருடம் கழித்து எழுதினேன்:

ஊருக்கெல்லாம் பத்திரிகை வெச்சீங்க
என்ன மட்டும் யாருமே கேக்கல

இதைச் சடங்கு வீட்டிலேயே பாடலாம் என்று சொன்னது நான்தான். மண்டபத்தில் ஒரு பெண் அலங்கார நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் இதைக் கேட்டால் போதும், எனக்கு அன்றைக்குக் கிடைக்காதது அவளுக்காவது கிடைக்கும். டிரம்ஸ்காரிக்கு அடிதடி நடக்குமோ என்ற பயம். "ஆட்டோவ ரெடியா நிறுத்தி வெச்சிட்டுப் பாடு" என்றாள்.

அடிதடி நடக்கவில்லை. ஆட்டம்தான் நடந்தது. தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சீர்த்தட்டு தூக்கி வந்த பெண்கள் தட்டை வைத்துவிட்டு வந்தார்கள். வரி புரியவில்லையோ என்றால் அதுவும் இல்லை. பாட்டு முடிந்ததும் ஓர் அம்மா என்னிடம் வந்து, "ஆமாம்மா, என்னையுந்தான் யாரும் கேக்கல" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் பந்திக்கு இலை போடப் போனார். அந்த மே மாதம் முழுக்க எங்களுக்கு ஓய்வில்லை. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம் என்று மண்டபம் மண்டபமாகப் போனோம். போகிற இடமெல்லாம் 'பத்திரிகைப் பாட்டு' கேட்டார்கள். சடங்கை ஒழிக்க எழுதிய பாட்டு இல்லாமல் சடங்கே நடக்காது என்ற நிலைமை வந்துவிட்டது. மைக்செட்காரர் என்னைப் பார்த்துக் கும்பிடுகிற அளவுக்குப் போனார்.

எனக்கு மட்டும் ஒரு குறை. நாற்காலியில் இருந்த பெண்கள் யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. நான் அவர்களைப் பார்த்துத்தான் பாடுவேன். அவர்கள் கேமராக்காரர் கை காட்டும் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"பாட்டு ஹிட்டு. இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்பாள் டிரம்ஸ்காரி.

ஒரு பெண். ஒரே ஒரு பெண் கேட்டால் போதும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன்.

அந்தப் பெண் தவளக்குப்பத்தில் கிடைத்தாள். கடலூர் ரோட்டில் ஒரு மண்டபம். கிட்டார் ட்யூன் பண்ண சத்தமில்லாத இடம் தேடி மணமகள் அறைக்குள் போனேன். அலங்காரம் செய்கிற அம்மா சாப்பிடப் போயிருந்தார். அன்றைய மூன்றாவது புடவையில், இடுப்புக்குக் கீழே தொங்கும் சவுரியோடு, அந்தப் பெண் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். எட்டாவது படிக்கிறாளாம்.

"அக்கா, பத்திரிகைப் பாட்டு பாடுறவங்க நீங்கதானே?"

"ஆமா. கேட்டிருக்கியா?"

"ஃபோன்ல பாத்தேன். ஃபுல்லா பாத்தேன். நாலஞ்சு தடவ."

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புடிச்சிருந்துச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. இன்னிக்குப் பாடாதீங்கக்கா."

நான் அசடு மாதிரி ஏன் என்று கேட்டேன்.

"எங்கப்பா எங்க கிளாஸ் பசங்க வீட்டுக்கெல்லாம் பத்திரிகை வெச்சிட்டாரு. எல்லாம் வந்து முன்னாடி உக்காந்திருக்கானுங்க. ஏற்கெனவே சிரிக்கிறானுங்க. நீங்க அத மைக்குல வேற பாடுனீங்கன்னா, ஸ்கூல் தொறந்ததும் என்னப் பாத்தா அதையே பாடுவானுங்க."

"அது உனக்காக எழுதின பாட்டுதாம்மா."

"என்னக் கேக்கலியேக்கா."

குத்திக்காட்டுகிற மாதிரியெல்லாம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக எத்தனை மண்டபத்தில், எத்தனை பெண்களின் முகத்தைப் பார்த்து அதைப் பாடியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்கள் கேமராப் பக்கம் திரும்பிக்கொண்டது ஏன் என்றும் அப்போதுதான் உறைத்தது.

"சரி. வேற எது வாசிக்கட்டும்?"

யாரும் அவளிடம் இப்படிக் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்தாள்.

"எதுனா வாசிங்க. ஆனா நிறுத்தாதீங்க. நீங்க வாசிச்சா எல்லாம் ஆடப் போயிடுவாங்க. நிறுத்துனா வரிசையா மேல வந்து கன்னத்தத் தொடுவாங்க."

மற்ற இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். டிரம்ஸ்காரி, குச்சி உரசாமலிருக்க, விரல்களில் பிளாஸ்திரி சுற்ற ஆரம்பித்தாள்.

மேடை ஏறியதும் நான் மைக்கை ஆஃப் பண்ணினேன். தொண்டை சரியில்லை என்று மைக்செட்காரரிடம் சைகை காட்டினேன். ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு இடைவெளி விடாமல் தாவினோம். கூட்டம் இறங்கி ஆடியது. இரண்டாவது பாட்டிலேயே தாய்மாமன் மேடை விளிம்புக்கு வந்து, "பத்திரிகைப் பாட்டு, பத்திரிகைப் பாட்டு" என்றார். பின்னாலேயே பெண்ணின் அப்பா வந்தார். "அதுக்காகத்தாம்மா ஒங்களக் கூப்புட்டதே" என்றார் பாவமாக. காது கேட்காத மாதிரி சிரித்தேன்.

பாப் பங்கின் லட்சணம் அப்போது தெரிந்தது. எல்லாப் பாட்டுக்கும் அதே நாலு கோர்டு. நாங்கள் எதை வாசித்தாலும் அதன்மேல் பத்திரிகைப் பாட்டு பொருந்தும். தாய்மாமன் தானே எடுத்துக்கொடுத்தார்: ஊருக்கெல்லாம். பின்னால் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். முன்வரிசைப் பையன்கள் ஒருவனையொருவன் இடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள். நாற்காலியில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எழுதிய பாட்டை நிறுத்த எனக்கே வழியில்லை.

நிறுத்தியது பேஸ்காரி. திடீரென்று மாதா கோயில் பாட்டு ஒன்றைப் பிடித்தாள், மூன்று தட்டுத் தாளத்தில். டிரம்ஸ்காரி அரை நொடி திகைத்துவிட்டு, அதைத் தலைதெறிக்கும் வேகத்தில் அடித்தாள். நாலு தட்டுக்கு எழுதிய என் வரி அந்தத் தாளத்தில் உட்காரவில்லை. தாய்மாமன் இரண்டு தடவை முயன்றுவிட்டு, வார்த்தையை விட்டு ஆட்டத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பையன்களும் எழுந்து ஆடப் போனார்கள். மாதாவை அவ்வளவு வேகத்தில் யாரும் புகழ்ந்திருக்க மாட்டார்கள்.

ஒரு மணி நேரம் நிற்கவில்லை. டிரம்ஸ்காரியின் பிளாஸ்திரி பிய்ந்து தொங்கியது. எங்கள் பேண்ட் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை, அதில் என் குரல் ஒரு இடத்திலும் இல்லை. நடுவில் ஒரு தடவை ஓரக்கண்ணால் நாற்காலியைப் பார்த்தேன். அவள் சவுரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மாமன் சீர்த்தட்டிலிருந்து ஒரு ஜாங்கிரியை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. நானும் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, மிச்சத்தை வாசித்தேன்.