கைக்கடிகாரத்தில் கேட்ட கூச்சல்

மீமிசலில் மீன்பிடிக்கும் என் கணவருக்கு, போன் பேசும் வசதியுள்ள கைக்கடிகாரம் ஒன்றை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் காலை அவர் கடலில் இருந்தபோது அதிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அலைச் சத்தம், "ஐயோ, விட்றாதீங்க! இழுங்க!" என்று ஒரே கூச்சல். உடனே இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. கரைக்கு ஓடி, வரும் ஒவ்வொரு படகாகப் பார்த்துத் தவித்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அவர் வந்து இறங்கினார். "ஏன் இங்கிட்டு நின்னு அழுவுற? வலை ரொம்பக் கனமா இருந்துச்சு, எல்லாரும் சேந்து இழுத்தோம்" என்றார். கயிறு உரசியதில் கடிகாரம் தானாகவே என்னை அழைத்திருக்கிறது!

இப்போதெல்லாம் வலையைத் தொடும் முன் கடிகாரத்தைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறார். கரை சேர்ந்ததும் அவரே கூப்பிட்டு "வந்துட்டேன்" என்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.