மனைவியின் இடது புருவம்

ஓட்டலில் முதல் வாய் உள்ளே போனதும் என் மனைவியின் இடது புருவம் லேசாக மேலே போனால், நான் சுவரில் மாட்டியிருக்கும் சாமி படத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். சூப்பர்வைசரைக் கூப்பிடுவாள். "சட்னி காலைல அரைச்சது. இப்ப தண்ணி ஊத்தி மறுபடி தாளிச்சிருக்கீங்க" என்பாள். அவர் மறுப்பார். கிண்ணத்தை அவர் மூக்கருகே நீட்டுவாள். அவர் ஒரு கணம் முகர்ந்துவிட்டு, கிண்ணத்தோடு உள்ளே போவார். அது திரும்பி வரும்வரை நான் பக்தியில் ஆழ்ந்திருப்பேன். ஒருமுறை சர்வர் என்னை வேறு ஆள் என்று நினைத்து எனக்கு மட்டும் தனி பில் வைத்துவிட்டுப் போனார்.

திருமுல்லைவாயிலில் ஃபிளாட் வாங்கிய நாளிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு ஓட்டல்தான். மகள் கல்லூரிக்கும் மகன் பிளஸ் டூவுக்கும் வந்த பிறகும் இந்த ஒரு வழக்கத்துக்கு மட்டும் யாரும் சாக்குச் சொன்னதில்லை. பெரும்பாலும் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு சைவ ஓட்டல். சில வாரங்களில் பூந்தமல்லி வரை போவோம்.

எனக்கு நாக்கு பேசுவதற்கு மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது. மிளகு எந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது, மிளகாய் எந்தக் கண்டத்திலிருந்து வந்து இறங்கியது என்று இட்லி ஆறும்வரை பேசுவேன். எல்லாம் படித்தது. தட்டில் இருக்கும் பொங்கலில் மிளகு இருக்கிறதா என்று கேட்டால் குனிந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். மகன் என்னைக் கொண்டு பிறந்தவன். சூடாக இருந்தால் நல்ல உணவு, நிறைய இருந்தால் மிக நல்ல உணவு.

மனைவியின் மூக்கு ஆவடியில் வளர்ந்தது. அவள் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு குவார்ட்டர்ஸில். ஒரே மாடிப்படியில் மதுரைக்காரர் வீடு, அதற்கு மேலே நாகர்கோவில்காரர் வீடு, எதிரே கோயம்புத்தூர்க்காரர் வீடு. பள்ளிக்கூடம் விட்டுப் படியேறும்போதே எந்த வீட்டில் தேங்காய் வறுபடுகிறது, எந்த வீட்டில் நல்லெண்ணெய் காய்கிறது, எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையில் குழம்பு தீய்ந்துபோனது என்று சொல்லிவிடுவாளாம். நான் இதை நம்பாமல் இருந்தேன். கல்யாணமான முதல் வாரம், அலுவலகத்திலிருந்து வந்தவனிடம், "மத்தியானம் நெய் ரோஸ்ட்டா?" என்று வாசலிலேயே கேட்டாள். அதிலிருந்து நம்புகிறேன்.

ஊரில் எல்லோருக்கும் வந்த அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்து, நால்வரையும் படுக்கவைத்துவிட்டுப் போனது. எழுந்த பிறகு வழக்கமான ஓட்டலுக்குப் போனோம். அவள் சாப்பிட்டாள். புருவம் அசையவில்லை. சூப்பர்வைசர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், பொறுக்கமுடியாமல் மேசைக்கே வந்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லல?"

"எல்லாம் நல்லாருக்குங்க."

அவர் முகம் கலவரமானது. நேராகச் சமையல்கட்டுக்குப் போய் சாம்பாரைத் தானே ஊற்றிக் குடித்துப் பார்த்தார்.

காரில் அவளே சொன்னாள். "எனக்கு வாசனையே தெரியல. காய்ச்சல் விட்டதுலருந்து. உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, காரம் எரியுது. அவ்ளோதான். டிவிய சத்தமில்லாமப் பாக்கற மாதிரி இருக்கு." வீட்டில் அதுவரை வைத்த ரசமெல்லாம் கைப்பழக்கத்தில் வைத்தவை. நாங்கள் மூன்று பேரும் அதையும் வழித்துச் சாப்பிட்டிருந்தோம்.

டாக்டர், தானாக வரலாம், சிலருக்கு நாளாகும், நல்ல மணமுள்ள பொருட்களை முகர்ந்துகொண்டே இருங்கள் என்றார். மகள் இதை ஒரு திட்டமாக்கிவிட்டாள். இனி ஞாயிறுதோறும் நகரத்தில் எங்கே மணம் அதிகமோ அங்கே சாப்பாடு. அம்மா ஒரு குறை சொல்லும்வரை ஓயக்கூடாது.

இப்படியாக, மனைவியின் வாயிலிருந்து ஒரு புகார் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஊர் சுற்றிய ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன். மயிலாப்பூரில் டிகிரி காபி. திருவல்லிக்கேணியில் மூடியைத் திறந்தால் தெருக்கோடி வரை மணக்கும் பிரியாணி. பாரிமுனையில் தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். சௌகார்பேட்டையில் பெருங்காயம் தூவிய கச்சோரி. ஒவ்வோர் இடத்திலும் அந்த உணவு சென்னைக்கு வந்த கதையை நான் சொன்னேன். மகன் எல்லாவற்றையும் இரண்டாம் முறை வாங்கினான். அவள் ஒவ்வொரு வாயையும் மென்று, எங்கள் முகங்களைப் பார்த்து, மெல்லத் தலையசைத்தாள்.

அண்ணா நகரில் ஒரு கபாப் கடையில், "கிராம்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள்.

மகள் துள்ளி எழுந்தாள். மகன் சர்வரைக் கூப்பிட்டு, ஏதோ பரிசு விழுந்த தோரணையில், "அண்ணா, கிராம்பு ஜாஸ்தியாம்!" என்றான்.

"கிராம்பே போட மாட்டோமே தம்பி இதுல."

மகள் உட்கார்ந்தாள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்க மூணு பேர் மூஞ்சியையும் பாக்க முடியல. அதான்." பிறகு, "இனிமே என்னை எங்கயும் கூட்டிட்டுப் போவாதீங்க. போதும்."

திட்டம் நின்றது. ஞாயிறுகளில் வீட்டிலேயே உப்புமா. எனக்கு ருசியில் வித்தியாசம் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் சமைக்கும்போது பேசிக்கொண்டே இருப்பவள், பேசாமல் கிளறினாள். அது எனக்கே தெரிந்தது.

சில மாதங்கள் கழித்து, செம்பரம்பாக்கம் பக்கம் மனை வாங்கியிருந்த என் அலுவலக நண்பர் பூமி பூஜைக்கு அழைத்தார். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது எல்லைக்கல் விளைந்திருந்தது. பூஜை முடிந்து திரும்பும் வழியில் ஒரு கிடங்கின் எதிரே டீக்கடை. சோதனை எதுவும் இல்லை. மகனுக்குப் பசி, அவ்வளவுதான்.

நாலு டீ வந்தது. நானும் பிள்ளைகளும் பாதி குடித்துவிட்டோம். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே இறக்கினாள். இன்னொரு வாய்.

இடது புருவம் மேலே போனது.

நான் சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டேன்.

"பால் அடிப்பிடிச்சிருக்கு" என்றாள்.

மகள் அருகே போய், தாழ்ந்த குரலில் கேட்டாள். "அம்மா, நெஜமாவா? இல்ல கிராம்பா?"

"அடிப்பிடிச்சிருக்குடி. தீஞ்ச வாசனை வருது."

டீ மாஸ்டருக்குக் காதில் விழுந்துவிட்டது. "இன்னாக்கா இப்டி சொல்ட்ட? இப்பத்தான் காய்ச்சினேன். இந்தா, மூணு பேரு குட்ச்சிகினுதான கீறாங்க? எதுனா சொன்னாங்களா?"

"அவங்களுக்கு நாக்கே கெடையாதுண்ணே. நீங்க பால் பாத்திரத்தச் சாய்ச்சுக் காட்டுங்க."

"சாய்ச்சிக் காட்டணும், இல்லாங்காட்டி ஒத்துக்க மாட்ட, அதான?" மாஸ்டர் நம்பிக்கையோடு பாத்திரத்தை எடுத்து, மிச்சப் பாலை வேறொன்றில் ஊற்றினார். குனிந்து உள்ளே பார்த்தார். நிமிரவில்லை. நாங்கள் நால்வரும் எட்டிப் பார்த்தோம். அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மகன் விசிலடித்தான். நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாமி படங்களை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அடிபுட்ச்ச பாலுக்கு இம்மாம் குஷியா?" என்றார் மாஸ்டர். "இன்னா ஃபேமிலி நைனா நீங்க!"

"இவங்க என் சம்சாரம்" என்றேன் அவரிடம். யாரென்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லவேண்டும்போல் இருந்தது.

வேறு பால் காய்ச்சி டீ போட்டுக் கொடுத்தார். அவள் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள். ஏலக்காய் போன வாரம் இடித்தது என்றும் சொன்னாள். கொஞ்சம் அதிகமாகத்தான் போனாள். நான் அடிப்பிடித்த டீயை வீணாக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மண்ணூர்பேட்டை ஓட்டல். சூப்பர்வைசர் எங்களைப் பார்த்ததும் ஓரமாக வந்து நின்றுகொண்டார். அவள் இட்லியைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்தாள். புருவம் கிளம்பியது.

"சொல்லுங்கம்மா" என்றார் அவர், பெரிய பாரம் இறங்கியவரைப் போல.

அவள் சொல்லத் தொடங்கினாள். பக்கத்து மேசையில் குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சாமி படம் சுவரில் அதே இடத்தில்தான் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன்.

"உங்க சட்னியும் அதேதான் சார். கொடுங்க, மாத்தித் தரச் சொல்றேன்."