துணி கட்டாத ஒயர்

மலாக்கா, காஜா பேராங்கில் எங்கள் மளிகைக்கடையில் பியூஸ் போனால் முதலில் வெளிச்சம் போகும், அடுத்து என் கன்னம் வீங்கும். கல்யாணமான புதிதில் இந்த வரிசை எனக்குப் பிடிபடவில்லை. மின்சாரத்துக்கும் எனக்கும் என்ன பகை என்று அழுதிருக்கிறேன். அப்புறம் விளங்கியது. கடையில் எது நின்றுபோனாலும் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கை நீளும், கைக்கு எட்டுகிற தூரத்தில் எப்போதும் நான்தான் இருப்பேன்.

நின்றுபோவதற்கெல்லாம் காரணம் என் கொழுந்தன். கடையில் எதையாவது புதிதாக மாட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கடையைக் கட்டியவர்கள் ஒரு விளக்குக்கும் பின்பக்கத்து மாவு மில்லுக்கும் மட்டும்தான் லைன் இழுத்திருந்தார்கள். இவன் அந்த விளக்கிலிருந்து ஒரு காற்றாடிக்கு இழுத்தான். காற்றாடியிலிருந்து ரேடியோவுக்கு. ரேடியோவின் பிளக்கிலேயே இன்னொரு பிளக்கைச் செருகி, காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின். சாமான் விற்க வருகிற ஏஜெண்டுகளுக்கும் இவன் குணம் தெரியும். "சும்மா வச்சிப் பாருங்க தம்பி, புடிக்கலன்னா எடுத்துட்டுப் போயிடறோம்" என்பார்கள். இவன் பல்லை இளிப்பான். வந்த சாமான் ஒன்றுகூடத் திரும்பிப் போனதில்லை.

ரேடியோ பாடி, காற்றாடி சுற்றி, ஆள் கூடினால் அண்ணனுக்கும் பெருமைதான். "நம்ம கடை மாதிரி இந்த ரோட்டுல எது இருக்கு?" என்று மீசையைத் தடவுவார். எல்லாம் சேர்ந்து பட்டென்று அணைந்தால் தம்பியை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நேராக என்னிடம் வருவார்.

"எத எதுல மாட்டுனான்னு பாத்துக்கிட்டு இருக்க மாட்டியாடி? கண்ணு எதுக்கு இருக்கு ஒனக்கு?"

இப்படி வாங்கி வாங்கித்தான் எனக்குப் புத்தி வந்தது. பழைய சேலைகளைக் கிழித்து ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் கட்டினேன். சிவப்பு என்றால் காற்றாடி. மஞ்சள் ரேடியோ. பச்சைக் கரைத் துண்டு காப்பி மிஷினுக்கு. கொழுந்தன் புதிதாக எதை இழுத்தாலும் ஒரு துணியோடு பின்னாலேயே போவேன். எங்கள் சுவர் வேண்டுதல் மரம் மாதிரி ஆகிவிட்டது. வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "என்ன வேண்டிக்கிட்டீங்க அண்ணி, ஆம்பளப் புள்ளையா?" என்பான் கொழுந்தன். அடி வாங்காமல் ஒரு நாள் படுக்கவேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல். அதை அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

துணி வேலை செய்தது. விளக்கு மங்கும்போதே எந்த ஒயரைப் பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர் எழுந்து வருவதற்குள் பிடுங்கிவிடுவேன். அடி குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. ஓங்கிய கையை அடிக்காமல் கீழே போடுகிற அன்றைக்கெல்லாம் எதையோ தொலைத்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

மெர்டேக்கா, சுதந்திர நாள் வந்தது. ரோட்டில் எல்லாக் கடைகளிலும் கொடி, கலர் பல்பு. எங்கள் கடை வாசலிலும் கொழுந்தன் ஒரு பல்புச் சரம் தொங்கவிட்டான். அதற்கு நான் ஊதாத் துணி கட்டினேன். கொண்டாட்டம் ஓய்ந்ததும் சரத்தைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டான். துணியையும் அவிழ்த்துவிட்டேன்.

சில வாரங்களில் ஆயுத பூஜை. அன்றைக்கு எங்கள் கடையில் எந்த மிஷினும் ஓடக்கூடாது. காலையிலேயே மெயின் சுவிட்சை இறக்கிவிடுவோம். மில்லைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அதற்கும் ஒரு நாள் ஓய்வு கொடுப்போம். வருஷத்தில் அந்த ஒரு நாள் எனக்கும் ஓய்வு. ஓடாத மிஷின் நின்றுபோகாது அல்லவா? நிம்மதியாக அடுப்படியில் உட்கார்ந்து சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கொழுந்தனுக்கு யோசனை வந்திருக்கிறது. மில்லைச் சுற்றிக் கலர் பல்பு எரிந்தால் எப்படி இருக்கும்! மெயினை ஏற்றக்கூடாது, சாமி குற்றம். அதனால் பக்கத்துத் தையல்கடையில் சொல்லி, அவர்கள் பிளக்கிலிருந்து சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக ஒயரை இறக்கி, சரத்தை மில்லின் இரும்பு வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டான். இரும்பு விளிம்பில் ஒயரின் தோல் உரிந்ததை அவன் பார்க்கவில்லை. மரக்கட்டைகள் மேல் நின்ற மில் முழுவதும் கரண்ட் ஏறிக் காத்திருந்தது.

என் வீட்டுக்காரர் கழுவிய ஈரத் தரையில் வெறுங்காலோடு, கை நிறையச் சந்தனத்தோடு போய் அதன் கைப்பிடியைப் பிடித்தார்.

சத்தம் கேட்டு ஓடினேன். அது மனிதச் சத்தமே இல்லை. உடம்பு விறைத்து, பல் கிட்டி, கடைவாயில் நுரை. வலது கை கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு வெடவெடவென்று ஆடியது. பூஜைக்குப் பூ கொடுக்க வந்திருந்த மலாக்கா செட்டி வீட்டு அம்மாள் வாசலில் நின்று அலறினாள். அவள் வீட்டில் மலாய்தான், தமிழ் வராது. "ஜாங்கான் பெகாங்! ஜாங்கான் பெகாங்!" தொடாதே, தொடாதே என்கிறாள்.

கொழுந்தன் மெயின் சுவிட்சுக்குப் பாய்ந்தான். அது ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. பதற்றத்தில் அதை மேலே தள்ளிவிட்டான். காற்றாடி சுற்றத் தொடங்கியது, ரேடியோ பாடத் தொடங்கியது. அண்ணன் அப்படியே துடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி! எந்த ஒயரு அண்ணி? ஒங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்!"

சுவரைப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, எல்லாம் அதனதன் இடத்தில். மில்லைச் சுற்றி எரிந்த பல்புகளுக்கு மட்டும் துணி இல்லை. எங்கிருந்து வருகிறது என்று தேட நேரமும் இல்லை. கதவுக்குக் குறுக்கே போடுகிற கட்டை மூலையில் சாய்ந்திருந்தது. காய்ந்த மரம். அரிசி மூட்டைமேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் தூக்கி, அவர் மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிந்தது காதில் விழுந்தது. கை விடவில்லை. இன்னும் பலமாக இறக்கினேன். கை விட்டது, ஆள் சரிந்தார்.

"தையல்கடைல இருந்து இழுத்தேன் அண்ணி" என்று அழுதுகொண்டே கொழுந்தன் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தான். பல்புகள் அணைந்தன. செட்டி வீட்டு அம்மாள் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து முந்தானையால் விசிறினாள். மூச்சு வந்தது. எனக்கும் அப்போதுதான் வந்தது. பிழைத்துவிட்டார், தாலி தப்பியது என்று எனக்குக் கண்ணீர் பொங்கியது. அது பொய்யில்லை.

கண்ணைத் திறந்தார். தொங்கிய வலது கையைப் பார்த்தார். மில்லைச் சுற்றியிருந்த சரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்டி... இவன் ஒயரு இழுத்தது ஒனக்குத் தெரியலயா? பாத்துக்கிட்டு இருக்க மாட்டியாடி?"

சொல்லிக்கொண்டே இடது கையை ஓங்கினார். செத்துப் பிழைத்த மனிதர். உயிர் திரும்பியதும் அந்த உடம்பு முதலில் தேடியது என் கன்னத்தைத்தான். எனக்கு வந்த கோபத்தை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் அளக்க முடியவில்லை. கட்டை இன்னும் என் கையில் இருந்தது. இப்போது அந்தச் சரத்தில் கரண்ட் இல்லை, அவர் உடம்பிலும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடது கையில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"அண்ணி!" என்றான் கொழுந்தன். திரும்பிப் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டான். செட்டி வீட்டு அம்மாள் விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையும் எப்படி முறிந்தது என்று கேட்டார்கள். "கரண்ட்லேர்ந்து விடுவிக்க அடிச்சேன்" என்றேன். நர்ஸ் மிஸ்ஸி அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். என் கை அவர் முகத்துக்குப் பக்கத்தில் போனதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்தார். அந்த இழுப்பு எனக்குப் பழக்கமானது.

"வாயத் தொறங்க" என்றேன்.

திறந்தார்.