அம்மாவுக்கு ஒரு பாஸ்வேர்ட்

உப்பளம் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே பெரியம்மாவுக்காகத்தான். அம்மாவின் அக்காவான அவள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டு லியோனுக்குப் போய்விட்டாள். ஃபோனில் பேசினால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். ஈமெயிலில் அந்தக் கவலை இல்லை. ஆனால் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அவள் சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவதும், வரும் பதிலைப் படித்துக் காட்டுவதும் ஐந்தாம் வகுப்பில் இருந்த என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அம்மா நீட்டி முழக்கினால், "சுருக்கமா சொல்லும்மா, கை வலிக்குது" என்பேன்.

ஒரு கோடை விடுமுறையில் கம்ப்யூட்டர் வைரஸ் வந்து படுத்துவிட்டது. அப்பா யாரிடமோ வாங்கிவந்து செருகிய பென் டிரைவின் கைங்கரியம். இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மூன்று சி.டி.க்களோடு வந்து சேர்ந்தார். மூன்றும் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ்தான், ஆனால் வேறு வேறு வகை.

"காசே கெடையாது மச்சான். யார் வேணாலும் எடுத்துக்கலாம்," என்றார் அப்பாவிடம்.

"சும்மா குடுக்கிறவன் எதுக்குடா குடுக்கிறான்?"

"மொதல்ல சி.டி.லேர்ந்தே ஓட்டிப் பாப்போம். புடிச்சா மட்டும் உள்ள ஏத்திக்கலாம்."

"புடவைக் கடையில கூட இப்படி விட மாட்டான்," என்று அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் சி.டி. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒரு படத்தைத் தொட்டுவிட்டு டீ குடித்து வந்தால்தான் அது திறந்தது. எங்கள் பழைய மெஷினுக்கு அவ்வளவு அழகைத் தாங்கும் தெம்பு இல்லை. இரண்டாவது வேகமாக ஓடியது, சத்தம்தான் வரவில்லை. மூன்றாவதில் அப்பாவாலேயே குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதையே போடுவதென்று முடிவானதும், எந்த மொழி என்று திரை கேட்டது. மாமா இங்கிலீஷைத் தொடப் போனார். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"நில்லுடா. தமிழ்னு போட்டிருக்குதே, அது என்னா?"

"எல்லாம் தமிழ்லயே வரும்க்கா."

"கம்ப்யூட்டர்ல தமிழ் எதுக்கு?" என்றார் அப்பா.

"இருக்குதில்ல, போடு," என்றாள் அம்மா, தம்பியைப் பார்த்து.

கோப்பு, சாளரம் என்றெல்லாம் திரையில் வந்ததைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் பிரிண்ட் எடுக்க வழி தெரியாமல் அப்பா வீட்டை இரண்டாக்கினார். மாமா திரும்பவும் வந்து சமாதானம் செய்தார். அப்பாவுக்கும் எனக்கும் இங்கிலீஷில் ஒரு கணக்கு, அம்மாவுக்குத் தமிழில் தனியாக ஒன்று. அவரவர் பாஸ்வேர்டைப் போட்டால் அவரவருடையது திறக்கும்; அம்மாவின் மெயிலும் இனி அவளுடையதற்குள்தான். தமிழ் எழுத்துகளைப் பொடிப்பொடியாக எழுதி, வெட்டி, கீபோர்டின் ஒவ்வொரு கட்டையிலும் ஓரமாக ஒட்டிவிட்டும் போனார்.

அம்மா தன் முதல் மெயிலை அடிக்க ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ சொல்லும்மா, நான் அடிக்கிறேன்."

"வேணாம். நீ போயி வெளையாடு."

பெரியம்மாவிடமிருந்து பழையபடி இங்கிலீஷ் எழுத்தில் பதில் வந்தது. வெறும் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது, ஒன்றும் படிக்க முடியவில்லை என்று. அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அம்மா மாமாவைப் பிடித்து, லியோனில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு ஃபோன் போடவைத்தாள். அங்கே எதையோ ஏற்றியதும் கட்டங்கள் எழுத்துகளாயின.

அடுத்து வந்த பதில் தமிழிலேயே இருந்தது. திரைக்குக் கீழேயும் நீண்டுகொண்டே போனது. என்னைக் கிட்டே விடாமல் அம்மா உதடு அசையப் படித்தாள், நடுவில் சிரித்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா என்னா எழுதியிருக்குது?"

"நல்லா இருக்காங்களாம்."

அவ்வளவு நீளத்துக்கும் அவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரம். அம்மாவின் பாஸ்வேர்டைக் கேட்டேன். "உனக்கு எதுக்கு?" என்றாள். அப்பாவிடம் போய், "அம்மா பாஸ்வேர்ட் சொல்ல மாட்டேங்குது," என்று முறையிட்டேன். "எனக்கே சொல்லல," என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

என் வேலையை அந்தத் தமிழ் பிடுங்கிக்கொண்டது என்றுதான் அந்த விடுமுறை முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவளிடம் சொல்ல நினைத்த ஒவ்வொன்றையும் அம்மா அதுவரை ஒரு பத்து வயதுப் பெண்ணின் காதில் போட்டுத்தான் அனுப்ப வேண்டியிருந்தது என்பதோ, அப்படிப் போட முடியாமல் அவளுக்குள்ளேயே நின்றுபோனது எவ்வளவோ என்பதோ, அன்று எனக்குத் தோன்றவே இல்லை.