ஒரே வரியில் இரண்டு பெயர்கள்

ஞாயிறு காலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ரெஜினா அக்கா இறந்துவிட்டார். இரண்டு மாதமாக மருத்துவமனையில் இருந்தார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

தாமல் கிராமத்திலிருந்து பேருந்தில் வருவார். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவர், கணினி நிரல் எழுதுவதை அந்தப் பயணத்திலேயே கைப்பேசியில் படித்துக் கற்றுக்கொண்டார். "சீட்டு கெடைச்சா ரெண்டு பாடம், நின்னுக்கினு வந்தா ஒண்ணு" என்பார். ஒரு கோப்பில் வேண்டிய சொற்களை மட்டும் தேடி எடுக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவேன். பொறியியல் படித்தவள் நான்.

நெசவாளர் சங்கம் ஒன்றின் பழைய பட்டியலிலிருந்து, அடையாள அட்டைக்காகப் பெயர்களைப் பிரித்தெடுக்கும் வேலை வந்தது நினைவிருக்கும். ஒவ்வொரு பெயரும் அடைப்புக்குறிக்குள் இருந்தது. திறக்கும் குறிக்கும் மூடும் குறிக்கும் நடுவில் இருப்பதை எடுக்கும்படி நான்தான் எழுதினேன். நான் பார்த்தவரையில் சரியாகவே இருந்தது.

அனுப்பவேண்டிய மதியம் ரெஜினா அக்கா ஒரே ஒரு பெயரைத் தேடினார். கோமதி: அன்று காலை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டை எப்போது வரும் என்று கேட்ட நெசவாளர். பட்டியலில் அவர் இல்லை. கணவர் ஏகாம்பரம் இருந்தார். கணவன், மனைவி இருவரும் உறுப்பினராக இருந்த வீடுகளில் (ஏகாம்பரம்) (கோமதி) என்று இரண்டு பெயரும் ஒரே வரியில் இருந்தன. என் கட்டளை முதல் மூடும் குறியில் நிற்காமல் கடைசிக் குறிவரை அள்ளியிருந்தது. மிச்சக் குறிகளைத் துடைக்க நான் எழுதிய அடுத்த வரி, பின்பாதியை வெட்டிவிட்டது. கணவர் பெயரே முதலில் இருந்ததால், வெட்டுப்பட்டவர்கள் எல்லோரும் பெண்கள்.

மேலாளர் அப்படியே அனுப்பச் சொன்னார். விட்டுப்போனவர்களை அடுத்த முறை சேர்க்கலாம் என்றார். அட்டை இல்லாமல் அந்தப் பெண்கள் மருத்துவக் காப்பீட்டுக்கு மனுப் போட முடியாது.

"அவங்கதான் சார் ஆபீஸ் ஆபீஸா அலையணும். எங்க தப்பு. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க" என்றார் ரெஜினா அக்கா.

தவறு முழுக்க என்னுடையது. 'எங்க' என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "கட்டளையில நீ போட்ட நட்சத்திரக் குறிக்குப் பேராசைமா, கடைசி வரைக்கும் அள்ளிக்கும். பின்னாடி ஒரு கேள்விக்குறி போடு, மொத குறியிலேயே நின்னுக்கும். ஒரு வரியில ஒருத்தர்தான் இருப்பாங்கன்னு நெனைக்காத, இருக்கிற அத்தனை பேரையும் எடு."

போட்டேன். பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அவர் வாசிக்க, பழைய பட்டியலில் நான் சரிபார்த்தேன். வழக்கமான பேருந்தை அன்று அவர் விட்டுவிட்டார்.

இப்போது நான் எந்தக் கோப்பையும் அனுப்புமுன், அதில் இருக்கவேண்டிய, எனக்கு முகம் தெரிந்த ஒருவரின் பெயரைத் தேடுகிறேன். யார் அவசரப்படுத்தினாலும், அந்தப் பெயர் கிடைக்காமல் அனுப்புவதில்லை. ரெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.