கடைசியாகத் தராசில் ஏறுபவள்

முப்பத்தோரு வருஷமாக நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கிறேன். சூரியநெல்லியில் எங்கள் எஸ்டேட்டுப் பெண்கள் சாக்கைத் தராசில் இறக்குகிற தினுசைப் பார்த்தே உள்ளே கல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். வெறும் கொழுந்து என்றால் தொப்பென்று போடுவார்கள். கல் வைத்த சாக்கு என்றால் தூங்கும் பிள்ளையைப் போல மெதுவாக இறக்குவார்கள், இரும்பில் தட்டிச் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று. பிடித்த கல்லையெல்லாம் எடைக் கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் எறிந்து எறிந்து ஒரு குவியலே சேர்ந்துவிட்டது. 'சுடலை ஒரு சந்தேகப் பிராணி' என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும். எடை போடுகிறவன் எல்லோரையும் நம்பினால் விளங்கினாற்போலத்தான்.

செல்வலட்சுமியை நான் நம்பாததற்குக் காரணம் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால், கைக்குழந்தையைப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவளின் சாக்கில் ஒரு கல்லைப் பிடித்தேன். அன்றைய கொழுந்தைக் கணக்கில் சேர்க்காமல் திருப்பி அனுப்பினேன். அழவில்லை, கெஞ்சவில்லை. "மாட்டிக்கிட்டேன், விடுங்கண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனாள். திருடியவள் சிரித்தால் எனக்குப் பிடிக்காது.

அவள் அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவர். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் எங்கள் எஸ்டேட்டு வரிசை வீடுகளில், ஐந்தாம் நம்பர் லயத்தில்தான். பதினெட்டு வயதில் கூடை தூக்கினாள். புருஷன் பாண்டி, டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு ஊதி, 'ரெட்டைச் சாக்கு' என்று பட்டப்பெயர் வந்தது. அதற்கும் சிரிப்புத்தான். அப்படிப்பட்டவள்தான் எங்கள் எஸ்டேட்டின் எடை குறைக்கும் சங்கத்துக்குத் தலைவி.

இந்தச் சங்கத்தில் எனக்கு என்ன அக்கறை என்றால், என் பெண்டாட்டி சாந்தம்மாள். அவளுடைய இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், லயத்துப் படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறாள். எழுபத்தெட்டுக் கிலோவுக்கு வந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்போது அவள் தொண்ணூற்றொன்று. எடை இறங்காவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்தில் எழுந்து நடக்க மாட்டாள். எனக்கு அது பயம். வெளியே சொல்லிக்கொள்ளாத பயம்.

முதலில் சங்கத்தை நடத்தியது அங்கன்வாடி டீச்சர் இந்து. கொடி மாதிரி உடம்பு. சுத்தமாகப் பேசுவாள், சார்ட்டு எழுதி ஒட்டுவாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. ஆனால் சாந்தம்மாள் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டாள். "ஏன்டி போகல" என்றால், "முட்டி வலிக்கி" என்பாள். நடக்க முடியாதவள் அப்படிச் சொன்னால் மேலே என்ன கேட்பது. இருபது பேர் ஆறு பேராகி, மாசிக் கடைசியில் செல்வலட்சுமி பொறுப்பெடுத்தாள். அடுத்த சனிக்கிழமையே சாந்தம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பினாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. தான் போக வழியைக் காணோமாம், மூஞ்சூறு விளக்குமாற்றையும் கவ்விக்கொண்டு போனதாம். தொண்ணூற்று நாலு கிலோக்காரி என் பெண்டாட்டிக்கு என்ன வழி காட்டுவாள்? வழுக்கைத் தலையன் கூந்தல் தைலம் விற்றால் வாங்குவோமா?

டிஸ்பென்சரித் தராசு வாரம் ஒரு கதை சொன்னதால், சனிக்கிழமை கடைசி நிறுவை முடிந்ததும் என் கொட்டகையிலேயே அவர்களுக்கு எடை பார்க்கச் சொல்லி மேனேஜர் உத்தரவு. நான் எண்ணை உரக்கச் சொல்லி நோட்டில் எழுதுவேன். பெண்கள் செருப்பைக் கழற்றுவார்கள், ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். வளையலைக் கழற்றிய மகராசியும் உண்டு. செல்வலட்சுமி மட்டும் ஸ்வெட்டரும், வேலை நேரத்தில் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்குமாக அப்படியே ஏறுவாள். அதுவும் கடைசி ஆளாக. ஏறுவதற்கு முன்னால் முகம் கழுவி வருகிறேன் என்று கொட்டகைக்குப் பின்னால் போவாள். ஒளித்து வைத்து எதையோ தின்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஏழு மாதத்தில் எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் பட்டியலில் கனமான பேர் தலைவியின் பேர்தான். "ஊருக்குத்தான் உபதேசம்" என்று நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். டீச்சரையே திரும்பக் கூப்பிடலாம் என்று நாலு பேரைக் கிளப்பியும் விட்டேன். வருகிற சனிக்கிழமை எல்லோரும் கூடி முடிவு செய்வது என்று ஆயிற்று.

அதற்கு முந்திய சனிக்கிழமைதான் பிடித்தேன். முகம் கழுவி வந்தவள் தராசில் காலை மெதுவாக, மிக மெதுவாக வைத்தாள். ஒரு கை படங்கை அழுத்திப் பிடித்திருந்தது. இறங்கும்போது உள்ளே கல்லோடு கல் உரசிய சத்தம். முப்பத்தோரு வருஷமாகக் கேட்ட சத்தம் எனக்குத் தப்புமா? எண்ணை அதற்குள் எழுதி முடித்திருந்தேன். நோட்டை மூடிக்கொண்டேன். திட்டம் எனக்குப் புரிந்துவிட்டது. இப்போது கல்லோடு ஏறுவாள். கூட்டத்தன்று கல்லில்லாமல் ஏறி, ஒரே வாரத்தில் அஞ்சு கிலோ குறைத்தேன் பார் என்று பதவியைத் தக்கவைத்துக்கொள்வாள். எல்லோர் முன்னாலும் படங்கை அவிழ்க்கச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆதாரம் சேர்க்கலாமென்று நோட்டை விரித்து உட்கார்ந்தேன். சித்திரையில் செல்வலட்சுமி எண்பத்தொன்பது. அவளுக்கு மேல் வரியில் சாந்தம்மாள், எண்பத்தெட்டு. ஆனியில் இவள் எண்பத்தேழு, சாந்தம்மாள் எண்பத்தாறு. ஆடியில் கோயில் கொடைக்குப் பொங்கலும் கறியும் தின்று சாந்தம்மாள் எண்பத்தேழுக்கு ஏறிய வாரம், இவள் எண்பத்தெட்டு. முந்தின நாள் சாந்தம்மாள் எண்பத்திரண்டு, இவள் எண்பத்து மூன்று. மற்றவர்களின் எடை அவரவர் வாய்க்குத் தகுந்தபடி ஏறி இறங்கியிருந்தது. இவளுடைய எடை மட்டும் என் பெண்டாட்டியின் பின்னாலேயே நடந்திருந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு கிலோ மேலே.

நானே எழுதிய நோட்டு. ஒருநாளும் இரண்டு வரியைச் சேர்த்துப் படித்ததில்லை.

அப்போதும் சந்தேகம் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை சாந்தம்மாள் தராசில் ஏறினாள். எண்பத்தொன்று. செல்வலட்சுமி குழாயடிக்குப் போனாள். பேனாவுக்கு மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். என்னுடைய கல் குவியலில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தன கல்லு?" என்றேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பிறகு அதே சிரிப்பு. "நாலுண்ணே."

"நெச எடை என்ன?"

"டவுன்ல பாத்தேன். எழுபத்தேழு."

"எதுக்குடி இந்தக் கூத்து?"

அவள் கொட்டகைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர் சார்ட்டுல கனத்த ஆள மொதல்ல எழுதுவாங்க. நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. மூணு வாரமும் சாந்தம்மா யக்கா பேருதான் மொதல் பேரு, நான் அப்ப சங்கத்துல சேரல. மூணாவது வாரம் தேயிலைக்குள்ள உக்காந்து அழுதுச்சு. முட்டிய காட்டி உங்ககிட்ட பொய் சொன்னேன்னு என்கிட்டத்தான் சொல்லிச்சு. அந்த எடத்துல யாராச்சும் ஒருத்தி நிக்கணும்லண்ணே. நான் நின்னா எனக்கு வலிக்காது. ரெட்டைச் சாக்குன்னு கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போச்சு."

வெட்கமாக இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே படுக்கிறவள் அழுதது எனக்குத் தெரியவில்லை. பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளுகிறவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்த முனை கூருனத வையி கீழ. இடுப்பக் கிழிச்சிரும்" என்றேன். "வழுவழுன்னு இருக்கிறதா எடு."

கொட்டகைக்குள் வந்து நின்றேன். அவள் மெதுவாக ஏறினாள். தராசின் சிவப்பு எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "செல்வலட்சுமி, எண்பத்திரண்டு." வாழ்நாளில் தெரிந்தே கல்லோடு சேர்த்து நான் எழுதிய எடை அது ஒன்றுதான்.

கூட்டத்துக்கு வந்திருந்த இந்து டீச்சர் கேட்டாள். "சுடலையண்ணே, தலைவி விஷயமா என்னமோ சொல்லணும்னு சொன்னீங்களே?"

பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். செல்வலட்சுமி தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல டீச்சர். இந்தம்மாவே இருக்கட்டும். காட்டு ஆனை எறங்குற நேரமாச்சு, எல்லாரும் வீடு போய்ச் சேருங்க" என்று நோட்டை மூடினேன்.

லயத்துக்குப் போகிற வழியில் சாந்தம்மாள் கம்பை அதிகம் ஊன்றவில்லை. இன்னும் மூன்றே கிலோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று என் தோளைத் தட்டினாள்.

"இங்கேருங்க, செல்வியப் பத்தி வெளிய பேசாதீக. பாவம், வாயக் கட்டத் தெரியல அவளுக்கு. என்னையவிட ஒரு கிலோ கூடத்தான் நிக்கா. நாளைலருந்து விடியக் கருக்கல்ல நடக்கப் போம்போது அவளையும் கையோட கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். நம்மளப் பாத்தாவது கொறையட்டும்."

"கூட்டிட்டுப் போ" என்றேன்.